கணினி ஆளை அறிவது எவ்வாறு?

இன்றைய காரியாலயங்களில் இடாப்புகளும் கோவைகளும் மெல்ல மெல்லக் கணினிக்குட் குடிபுகுந்துவிட்டன. சம்பளப் பட்டியல், விடுமுறை விண்ணப்பம், களஞ்சியக் கணக்கு, கடிதப் போக்குவரத்து ஆகிய பலவும் இணையத்தின் வழியாக இயங்கும் செயலிகளில் நடைபெறுகின்றன. காலையில் வேலைக்கு வரும் உத்தியோகத்தர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருமுறை கொடுத்து உட்புகுகின்றார். அதன்பின் அவர் நூறு பக்கங்களைப் புரட்டினாலும் 'நீர் யார்?' என்று கணினி மீண்டும் கேட்பதில்லை. ஆயினும் மதிய உணவுக்குச் சென்று அவர் திரும்பி வரும்போது, பாதி நிரப்பிய படிவத்தை விழுங்கிவிட்டு, அதே கணினி அவரை முன்பின் அறியாத அந்நியர்போல நடத்துகின்றது. சற்றுமுன்வரை அறிந்திருந்தவரை இப்பொழுது மறந்தது ஏன்? முன்னர் அறிந்திருந்ததுதான் எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே. அவ்விடையை அறிந்துகொள்வதிற் பெரும் பயன் உண்டு. ஒருவருடைய பெயரால் ஒரு காரியம் நடைபெறும்போது, அதற்குப் பொறுப்பாளி அவரே என்று பதிவேடு சொல்கின்றது. அந்தப் பெயர் அங்கே வந்த வகையை அறியாதவர், தம் கையொப்பத்தைப் பிறர் இடுவதற்குத் தாமறியாமலே வழிவிட்டவராவர்.

கடவுச்சொல் என்பது இணையத்துக்கு மூத்தது. ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே, பேர்ணாண்டோ கோர்பற்றோ என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும், ஒரே கணினியைப் பலர் ஒரே காலத்திற் பயன்படுத்தத்தக்க முறையொன்றை 1961ஆம் ஆண்டிற் செய்துகாட்டினர். பலர் கூடும் இடத்தில் அவரவர் பொருளை அவரவருக்கே உரியதாக வைத்தற்கு அங்கே கடவுச்சொல் வேண்டப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாதிருந்த ஓர் ஆராய்ச்சி மாணவர், எல்லாருடைய கடவுச்சொற்களையும் கொண்ட பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டார் என்பது கணினி வரலாறு கூறும் செய்தி. பூட்டுப் பிறந்த மறு ஆண்டிலேயே கள்ளத் திறப்பும் பிறந்துவிட்டது. ஆயினும் அக்காலத்துக் கணினிக்கு ஒரு வசதி இருந்தது. உட்புகுந்தவர் வெளியேறும்வரை அவருடைய தட்டச்சுக் கருவிக்கும் கணினிக்கும் இடையே தொடர்பு அறாது நின்றது. எந்தக் கம்பியின் முனையில் யார் இருக்கின்றார் என்பதை அறிவது கணினிக்குக் கடினமாயிருக்கவில்லை.

இணையப் பக்கங்களின் இயல்பு இதற்கு முற்றிலும் மாறானது. ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ன் என்னும் அணுவியல் ஆராய்ச்சி நிலையத்தில் ரிம் பேணர்ஸ்-லீ என்பவர் 1989ஆம் ஆண்டில் முன்மொழிந்த உலகளாவிய வலை, ஆவணங்களை எளிதிற் பெற்றுப் படித்தற்கென எழுந்தது. வாசிப்பவருடைய கணினியில் இருக்கும் மென்பொருள் மேலோடி எனப்படும். பக்கங்களை வைத்திருந்து வழங்கும் கணினி சேவையகம் எனப்படும். மேலோடி ஒரு பக்கத்தைக் கேட்கும். சேவையகம் அதனைக் கொடுக்கும். அத்துடன் அந்தக் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடும். அடுத்த பக்கத்தைக் கேட்க அதே ஆள் மறுகணம் வந்தாலும் சேவையகத்துக்கு அவர் புதியவரே. இதனைக் குறைபாடு என்று கருதலாகாது. ஒவ்வொருவரையும் நினைவில் வைக்கும் சுமை இல்லாமையாலேயே ஒரு சேவையகம் ஆயிரக்கணக்கானோருக்கு விரைந்து தொண்டு செய்ய முடிந்தது. நூலொன்றைப் படிப்பதற்கு இம்மறதி தடையன்று. ஆனாற் சம்பளக் கணக்கை எழுதுவதற்கு மறதியுள்ள ஒருவரை எவ்வாறு நம்புவது?

திருவிழாக் காலத்திலே கோயில் வாயிலிற் பாதணிகளைக் காக்கும் இடத்தை நேயர்கள் கண்டிருப்பர். அங்கே நிற்பவர் வருவோர் முகத்தை நினைவில் வைப்பதில்லை, வைக்கவும் இயலாது. பாதணியைப் பெற்றுக்கொண்டு, இலக்கம் பொறித்த சிறு தகடொன்றைக் கொடுக்கின்றார். அதே இலக்கமுள்ள தட்டிற் பாதணி வைக்கப்படுகின்றது. சுவாமி தரிசனம் முடித்து மீள்பவர் தகட்டை நீட்டினால் தம் பாதணியைப் பெறுவார். காப்பவருக்கு வேண்டியது ஞாபகசக்தி அன்று. இலக்கத் தகடும், இலக்கமிட்ட தட்டும் இருந்தாற் போதும். மறதியுள்ள சேவையகத்துக்கும் இவ்வாறான தகடொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதுவே குக்கி எனப்படுவது.

இதனைக் கண்டவர் லூ மொன்ருலி என்னும் அமெரிக்க இளைஞர். நெற்ஸ்கேப் என்னும் கம்பனியில் 1994ஆம் ஆண்டில் அவர் பணியாற்றினார். இணையத்திற் கடை நடத்த விரும்பிய ஒரு வாடிக்கை நிறுவனம், வாங்குவோர் தெரிந்தெடுத்த பொருள்களின் விவரத்தைத் தன் சேவையகத்திற் சுமக்க விரும்பவில்லை. அந்த விவரத்தை வாங்குபவருடைய மேலோடியிடமே கொடுத்துவைத்தால் என்ன என்ற எண்ணத்திலிருந்து குக்கி உருவாயிற்று. நிரல்கள் தமக்குட் கைமாற்றிக்கொள்ளும் அடையாளத் துண்டை 'மந்திரக் குக்கி' என்று கணினியாளர் முன்னரே வழங்கிவந்தனர். அப்பெயரின் பிற்பாதியே இதற்கு நிலைத்தது. தின்னும் பண்டத்துக்கும் இதற்கும் வேறு தொடர்பில்லை. மைக்ரோசொப்ற் கம்பனியின் மேலோடி 1995இல் இதனை ஏற்றது. பொது விதியாக முதன்முறை 1997இல் எழுதப்பட்டு, 2000இலும் 2011இலும் புதிய விதிகளால் மாற்றப்பட்டது.

குக்கி செயற்படும் முறை மிக எளியது. உத்தியோகத்தர் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்புகின்றார். சேவையகம் அவற்றைத் தன் பதிவுடன் ஒப்பிட்டுச் சரிகண்டபின், எவராலும் ஊகிக்க இயலாத நீண்ட இலக்கமொன்றை உண்டாக்குகின்றது. அதனைத் தன் இடாப்பிற் பதிந்து, அதன் எதிரே இன்னார், இன்ன நேரம் உட்புகுந்தார், இன்னின்ன காரியங்களுக்கு உரித்துடையவர் என்று குறித்துக்கொள்கின்றது. பின்னர், 'இவ்விலக்கத்தை வைத்திருந்து, இனி வரும்போதெல்லாம் காட்டுக' என்னும் கட்டளையுடன் அதனை மேலோடிக்கு அனுப்புகின்றது. மேலோடியும் அவ்வாறே ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் இலக்கத்தை உடன் அனுப்புகின்றது. இலக்கத்தைக் கண்ட சேவையகம் இடாப்பைப் பார்த்து ஆளை அறிகின்றது. இவ்வாறு உட்புகுதல் முதல் வெளியேறுதல் வரை நீடிக்கும் தொடர்பையே அமர்வு என்பர். ஆகவே கடவுச்சொல் நாளுக்கு ஒருமுறை வாயிலிற் காட்டப்படுகின்றது. உள்ளே நாள் முழுவதும் ஆளை அடையாளம் காட்டுவது குக்கியில் உள்ள இலக்கமே.

குக்கியைப் பற்றிய சில தவறான எண்ணங்களை இவ்விடத்தில் நீக்கிக்கொள்வது நன்று. அது கிருமியன்று, தானாக இயங்கும் நிரலுமன்று. வெறும் எழுத்துத் துண்டாகிய அதன் அளவு பெரும்பாலும் 4096 பைற்றுக்கு மேற்படுவதில்லை. ஒரு தளம் கொடுத்த குக்கியை மேலோடி வேறொரு தளத்துக்குக் காட்டுவதில்லை. ஒரு கோயிலின் தகட்டை மற்றொரு கோயிலில் நீட்டுவாரில்லை அன்றோ? நல்ல முறையில் அமைந்த செயலியின் குக்கியிற் கடவுச்சொல்லும் இராது, சம்பளமும் இராது, பொருளற்றதுபோலத் தோன்றும் இலக்கம் மட்டுமே இருக்கும். பல தளங்களில் ஒருவர் செல்லும் வழியைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டும் குக்கிகள் வேறொரு வகையின. ஐரோப்பிய நாடுகளின் சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே நோக்குகின்றது. விளம்பரக் குக்கிக்கு வாசிப்பவரின் சம்மதம் வேண்டும். கேட்ட சேவையை வழங்குவதற்கு இன்றியமையாத அமர்வுக் குக்கிக்குச் சம்மதம் வேண்டியதில்லை.

அமர்வின் விவரத்தைச் சேவையகத்தின் இடாப்பில் வைப்பது ஒரு முறை. மற்றொரு முறையும் உண்டு. ஆளின் பெயர், உரிமை, முடிவு நேரம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி, சேவையகம் தன் இரகசியத் திறப்பினால் அதன்மீது முத்திரையிட்டு, மேலோடியிடமே கொடுத்துவிடலாம். சீட்டைத் திருத்தினால் முத்திரை பொருந்தாது. ஆதலால் ஏமாற்ற இயலாது. இடாப்பைப் புரட்ட வேண்டாமையின் வேலையும் விரைவாகும். ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. இடாப்பில் உள்ள பெயரை ஒரு கோட்டால் வெட்டிவிடலாம். பிறர் கையிற் கொடுத்த முத்திரைச் சீட்டை உடனே திரும்பப் பெறுதல் எளிதன்று. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவரிடம் அவ்வாறான சீட்டு இருப்பின், அதன் காலம் முடியும்வரை கதவு திறந்தே இருக்கும். இதனாலேயே அத்தகைய சீட்டுகளின் ஆயுளைச் சில நிமிடங்களுக்குக் குறுக்கி, அடிக்கடி புதுப்பிக்கச் செய்கின்றனர்.

இனி, மதிய உணவின்பின் கணினி மறந்துவிட்ட காரணத்தை நோக்கலாம். அமர்வுக்கு இரண்டு எல்லைகள் விதிக்கப்படுவது வழக்கம். யாதொரு வேலையும் நடவாதிருந்தால் அமர்வு முடியும் நேரம் ஒன்று. வேலை நடந்துகொண்டிருந்தாலும் மீண்டும் கடவுச்சொல் கேட்கப்படும் நேரம் மற்றொன்று. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமங்கள் நிறுவனம் 2017இல் வெளியிட்ட நெறிமுறை, நடுத்தரப் பாதுகாப்பு வேண்டப்படும் இடங்களில் முதல் எல்லையை 30 நிமிடமாகவும் இரண்டாவதை 12 மணித்தியாலமாகவும் வகுத்தது. 2025இல் வந்த திருத்தம் அவற்றை முறையே 1 மணித்தியாலம், 24 மணித்தியாலம் எனச் சற்றுத் தளர்த்தியது. கடன் அட்டை விவரங்களைக் கையாளும் தொழிலகங்களுக்கான விதியோ, 15 நிமிடத்துக்கு மேற் சும்மா இருந்தால் மீண்டும் அடையாளம் காட்டவேண்டும் என்கின்றது.

ஆனால் வேலை நடவாதிருத்தல் என்பதைச் சேவையகம் எவ்வாறு அளக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். எழுதுவினைஞர் ஒரு நீண்ட படிவத்தை முக்கால் மணித்தியாலமாகக் கருத்தூன்றி நிரப்பிக்கொண்டிருக்கலாம். அவருடைய விரல்கள் ஓயாது இயங்கினும், படிவத்தைச் சேவையகத்துக்கு அனுப்பாதவரை அல்லது செயலி இடையிடையே தானாகச் சேமிக்காதவரை, சேவையகத்தின் கண்ணுக்கு அவர் உறங்குபவரே. கடைசியில் அனுப்பும்போது அமர்வு முடிந்திருக்கும், உழைப்பும் வீணாகும். ஆகவே நீண்ட படிவங்களை இடையிடையே சேமித்துக்கொள்வது நல்ல பழக்கம். செயலியை அமைப்போரும், அமர்வு முடியுமுன் எச்சரிக்கை காட்டி, எழுதியதைக் காத்துவைப்பது அவர்தம் கடமை.

வெளியேறுதல் என்பதும் பலராற் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுகின்றது. சாளரத்தை மூடுவது வேறு, வெளியேறுவது வேறு. வெளியேறும் பொத்தானை அழுத்தும்போது சேவையகம் தன் இடாப்பிலுள்ள இலக்கத்தை நீக்குகின்றது. அதன்பின் அந்த இலக்கத்தை யார் காட்டினும் பயனில்லை. சாளரத்தை மட்டும் மூடிச் செல்பவரோ இடாப்பில் தம் பெயரை விட்டுச் செல்கின்றார். முடிவுத் திகதி குறிக்கப்படாத குக்கி மேலோடியை மூடும்போது அழியும் என்பது பொது விதியாயினும், முன்பு திறந்திருந்த பக்கங்களை மீண்டும் திறந்து தருமாறு மேலோடி அமைக்கப்பட்டிருப்பின் அத்தகைய குக்கிகளும் உயிர்பெற்று வருவதுண்டு.

பெரிய நிறுவனங்களில் ஒருமுறை உட்புகுந்தாற் பல செயலிகளும் திறந்துகொள்ளும் முறையொன்று உண்டு. அங்கே அடையாளம் காணும் தலைமைச் சேவையகம் ஒன்றிருக்கும். ஏனைய செயலிகள் கடவுச்சொல்லைத் தாம் கேளாது, ஆளைத் தலைமையிடத்துக்கு அனுப்பி, அதன் உறுதிமொழியைப் பெற்று, தத்தமக்குரிய அமர்வைத் தொடங்கும். ஆதலால் ஒருவரிடம் தலைமை அமர்வு ஒன்றும் கிளை அமர்வுகள் பலவும் ஒரே வேளையில் இருக்கும். விடுமுறைச் செயலியிலிருந்து மட்டும் வெளியேறினால் அஞ்சற் செயலி திறந்தே இருத்தல் கூடும். தலைமை அமர்வு நீடிக்குமாயின், வெளியேறிய செயலியே கடவுச்சொல் கேளாது மீண்டும் திறந்துகொள்வதும் உண்டு. ஒரே மேலோடியின் இரு பக்கங்களில் இருவருடைய பெயரில் வேலை செய்ய முயல்வோர் குழப்பமடைவதற்கும் காரணம் குக்கியே. பக்கங்கள் இரண்டாயினும் மேலோடியின் பை ஒன்று. இரண்டாவது இலக்கம் வந்து முதலாவதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதற் பக்கத்தில் இருப்பவர் தம் பெயரில் எழுதுவதாக எண்ணி மற்றவர் பெயரில் எழுதிவிடுவார்.

இவை யாவற்றிலும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. பாதணித் தகட்டைப் பிறர் எடுத்துச் சென்றால் என்னவாகும்? காப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை, தகட்டையே பார்க்கின்றார். சேவையகமும் அவ்வாறே. அமர்வு இலக்கத்தைக் கைப்பற்றியவர், அமர்வு நீடிக்கும்வரை, அதன் சொந்தக்காரராகவே கருதப்படுவார். கடவுச்சொல்லை அவர் அறிந்திருக்க வேண்டியதுமில்லை.

இவ்வபாயத்தை உலகம் கண்ணாரக் கண்டது 2010ஆம் ஆண்டிலாகும். அக்காலத்திற் பேஸ்புக், ருவிற்றர் முதலிய தளங்கள் கடவுச்சொல்லை மறைகுறியாக்கிப் பெற்றனவாயினும், அதன்பின் குக்கியை வெளிப்படையாகவே அனுப்பவிட்டன. எரிக் பற்லர் என்னும் அமெரிக்க நிரலாளர் அவ்வாண்டு ஒற்றோபர் மாதத்தில் பயர்ஷீப் என்னும் சிறு கருவியை வெளியிட்டார். தேநீர்க்கடை போன்ற இடங்களின் பொது வைபையில் இருந்துகொண்டு, அருகில் இருப்போருடைய குக்கியைப் பிடித்து, ஓரிரு அழுத்தங்களில் அவர்களுடைய கணக்குக்குட் புகலாம் என்பதை அது யாவருக்கும் காட்டியது. தளங்களைத் திருத்தச் செய்வதே தம் நோக்கம் என்றார் அவர். பேஸ்புக் 2011இல் முழு மறைகுறியாக்கத்தை விரும்பியோருக்கு வழங்கி, 2013இல் எல்லாருக்கும் உரியதாக்கிற்று.

குக்கிக்கும் காவல்கள் இடப்பட்டன. மறைகுறியாக்கப்பட்ட வழியில் மட்டுமே இதனை அனுப்புக என்பது ஒரு காவல். பக்கத்தினுள் இயங்கும் நிரல்கள் இதனைப் படிக்கலாகாது என்பது மற்றொன்று. இதனை மைக்ரோசொப்ற் 2002இல் அறிமுகப்படுத்தியது. வேறு தளம் ஒன்று மறைவாகத் தூண்டும் வேண்டுகோளுடன் இதனை அனுப்பலாகாது என்பது மூன்றாவது. கூகிளின் குறோம் மேலோடி 2020இல் இதனை இயல்பான விதியாக்கியது. இவற்றுடன், ஒருவர் உட்புகும் கணத்தில் முன்னிருந்த இலக்கத்தை நீக்கிப் புதியதை வழங்குவதும் செயலி அமைப்போர் தவறாது செய்யவேண்டியதொன்று. இல்லையேல், தான் முன்னரே அறிந்த இலக்கத்தைப் பிறர் கையிற் கொடுத்து, அவர் உட்புகும்வரை காத்திருந்து, கள்வன் பின்னே நுழைந்துவிடுவான்.

வழியில் மறிப்பது கடினமாகியபின் திருடர் வீட்டுக்குள்ளே வரத் தலைப்பட்டனர். 2021இல் இலெக்ற்றோனிக் ஆட்ஸ் என்னும் விளையாட்டு மென்பொருட் கம்பனியின் நிரல்கள் களவாடப்பட்டன. ஊழியர் உரையாடும் செயலிக்குரிய திருட்டுக் குக்கியைப் பத்து டொலருக்கு வாங்கியே உள்ளே புகுந்ததாகக் களவாடியோர் தரப்பினர் பத்திரிகையாளரிடம் கூறினர். 2022 திசெம்பரிற் சேர்க்கிள் சீஐ என்னும் கம்பனியிலும் இத்தகைய களவு நிகழ்ந்தது. பொறியியலாளர் ஒருவருடைய மடிக்கணினியிற் புகுந்த தீய மென்பொருள் அவருடைய அமர்வுக் குக்கியை எடுத்துச் சென்றது. அவர் கடவுச்சொல்லுடன் இரண்டாவது அடையாளமும் கொடுத்தே உட்புகுந்திருந்தார். ஆனால் அவ்விரு காவல்களும் வாயிலோடு நின்றுவிட்டன. களவு போனதோ உள்ளே வழங்கப்பட்ட தகடு. அதன் விளைவாக, அக்கம்பனியிடம் ஒப்படைத்திருந்த இரகசியத் திறப்புகள் யாவற்றையும் மாற்றும்படி வாடிக்கையாளர் எல்லாரும் 2023 சனவரியிற் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அமர்வைக் குறிப்பிட்ட கணினியோடு பிணைத்து, திருடிய குக்கி வேறு கணினியிற் பயன்படாதவாறு செய்யும் முறையொன்றைக் கூகிள் 2024இல் அறிவித்தமைக்கு இத்தகைய களவுகளே காரணமாகும்.

இதுவரை கூறியவற்றிலிருந்து உத்தியோகத்தர் கைக்கொள்ளவேண்டிய சில நடைமுறைகள் தாமே புலனாகும். பலர் பயன்படுத்தும் கணினியில் வேலை முடிந்ததும் வெளியேறும் பொத்தானை அழுத்துதல் வேண்டும். 'என்னை நினைவில் வைத்திரு' என்னும் குறியை அங்கே இடலாகாது. மேசையை விட்டு எழும்போது திரையைப் பூட்டுதல் வேண்டும். அறியாத இடத்திலிருந்து வரும் மென்பொருளை நிறுவலாகாது. கணினியோ கைத்தொலைபேசியோ தொலைந்தாற் கடவுச்சொல்லை மாற்றியதோடு அமைதல் போதாது. பல செயலிகளிற் பழைய அமர்வு அதனால் மட்டும் முடிவதில்லை. எல்லா இடங்களிலிருந்தும் வெளியேற்றும் வசதியையும் பயன்படுத்துதல் வேண்டும். நிர்வாகிகளும், ஒருவர் வேலையை விட்டு நீங்கும் நாளில் அவருடைய கணக்குடன் நடைமுறையிலுள்ள அமர்வுகளையும் முடித்துவிடுதல் வேண்டும்.

நெருங்கிய தோழமையின் காரணமாக, 'என் கணக்குத் திறந்துதான் இருக்கிறது, அதிலேயே செய்துவிடும்' என்று சொல்லும் வழக்கம் பல காரியாலயங்களில் உண்டு. இடாப்பிற் பிறருக்காகக் கையொப்பமிடுவதைத் தவறென்று உணரும் அதே உத்தியோகத்தர் இதனை உதவியென்று கருதுகின்றார். காகிதத்தில் இட்ட கையொப்பமாயின், கையெழுத்தின் வேறுபாடாவது பின்னர் உண்மையைச் சொல்லும். அமர்வு இலக்கத்துக்குக் கையெழுத்து வேறுபாடு கிடையாது. ஒரு தொகை தவறாக எழுதப்பட்டதென்றோ, ஒரு கோவை அழிக்கப்பட்டதென்றோ விசாரணை எழும் நாளில், பதிவேடு ஒரே பெயரைத்தான் காட்டும், செய்தவரைக் காட்டாது. தன் பெயரைக் காக்க விரும்புவோர், அந்தப் பெயரைச் சுமந்துநிற்கும் சிறு துண்டையும் காத்துக்கொள்ளல் வேண்டும்.